விஜயத்தின் வண்டி இடதுபக்கம் இழுத்த வாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் பிரேமாவின் கேட்டில் காரின் இடதுபக்கக் கண்ணாடி உரசி மடங்கியபோது விஜயம் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படவில்லை. முன்சீட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். கவலை அதுதான்.

"அம்மா" என்றாள் மாளவிகா.

"என்னடி?"

"நேர் ரோடு. எதிர்ல வண்டி இல்லே, ஆள் இல்லே. ஒரு பூனைகூட இல்லே."

"வண்டியாக்கும் இழுக்கறது. நான் ஒண்ணும் பண்ணலே."

"இடிக்கறவா எல்லாரும் அதைத்தான் சொல்லுவா."

பின்சீட்டிலிருந்து பட்டாபி தொண்டையைச் செருமினார். விஜயத்தின் கணவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொண்ணூற்றிரண்டு கிலோ, கார் ஓட்டத் தெரியாது. "திங்கக்கிழமை பால் பூத் பலகை. வியாழக்கிழமை ஐயப்பன் கடை வாழைக்குலை. இது மூணாவது" என்றார்.

"இதையெல்லாம் மனசுல எழுதி வச்சிண்டிருக்கேளா?"

"எழுதலே. பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்குத் தானா ஞாபகம் இருக்கும்."

அன்று சாப்பாடு முடிந்ததும் மாளவிகா எழுந்து போய், சாவி மாட்டும் ஆணியிலிருந்து காரின் இரண்டாவது சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் திருவனந்தபுரத்தின் வடகோடியில், கழக்கூட்டம் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. கணவன் நவநீத்தோடு வீடும் அங்கேயே. பேச்சை வளர்க்கிற பழக்கம் இல்லை.

"அம்மா, மதி. போதும். அறுபத்தொரு வயசாச்சு. இனி ஓட்டண்டாம். வர ஞாயித்துக்கிழமை நானும் நவநீத்தும் டாக்ஸில வரோம். திரும்பிப் போறச்சே இந்த வண்டியை நவநீத் ஓட்டிண்டு வந்துடுவான். அவனோட ஆபீஸ்ல ஒருத்தர் பழைய வண்டி தேடிண்டிருக்கார்."

"யாரைக் கேட்டு?"

"அப்பாவைக் கேட்டேன்."

விஜயம் பட்டாபியைப் பார்த்தாள். பட்டாபி மோர் டம்ளருக்குள் பார்த்தார்.

விஜயம் பட்டம் என்ற இடத்தில் மின்சார ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள். வீடு இருக்கும் கரமனையிலிருந்து பட்டத்துக்குப் பஸ். காலையில் நின்றுகொண்டு போய், மாலையில் நின்றுகொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியில் நிற்பாள். ஐம்பத்து மூன்றாவது வயதில், ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கேரளத்தில் லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் கம்பிகளை நட்ட மைதானத்தில் 'எச்' எழுத்தின் வடிவத்தில் வண்டியைப் பின்னாலும் முன்னாலும் எடுத்துக் காட்ட வேண்டும். முதல் தடவை ஒரு கம்பியைத் தள்ளினாள். இரண்டாம் தடவை மூன்று. "முன்னேற்றம் உண்டு" என்று பட்டாபி சொன்னதற்கு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாம் தடவை அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு கம்பிகூட அசையாமல் எடுத்துக் காட்டி, திரும்பி வரும் வழியில் ஐயப்பன் கடையில் ஒரு குலை பழம் வாங்கித் தெருவுக்கே கொடுத்தாள்.

அந்த வருஷமே சின்னதாக ஒரு வெள்ளைக் கார் வந்தது. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் நின்றவளுக்கு அது உட்காரக் கிடைத்த இடம். அதில் அவள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள், சங்குமுகம் கடற்கரைக்குப் போனாள், தெருவில் யாருக்காவது வயிற்றுவலி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எந்தக் கல்யாணத்துக்கும் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று கைப்பையோடு வாசலில் நிற்கவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும் விஜயத்துக்கு உறுதியாகத் தெரியும். பத்து நாள் முன்புவரை வண்டி இழுக்கவில்லை.

பத்து நாள் முன்பு நடந்தது இவ்வளவுதான். ஆறு மாதமாகவே ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டிக்கு அடியில் டக், டக் என்று யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். ஆற்றங்கரையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரதீஷ் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு லோயர் ஆர்ம், பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங், எல்லாவற்றையும் மாற்றினான். சத்தம் நின்றது. "வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டாமோ?" என்று விஜயம் கேட்டதற்கு, "ஞான் நூல் பிடிச்சு நோக்கி, மாமீ. கிருத்யம் ஆணு. அலைன்மெண்ட் ஒக்கெ பின்னே மதி" என்றான். சக்கரங்களோரம் நூல் கட்டிப் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நூல் பிடித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விஜயம் நம்பினாள். அன்றிலிருந்துதான் வண்டி, கடைக்குப் போகும்போது மிட்டாய் ஜாடியைப் பார்த்த குழந்தை மாதிரி இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை அவள் கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றார். அந்தச் சீட்டைப் படம் எடுத்து மாளவிகாவுக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: 'கண்ணு ஓகே. கவனம்?'

செவ்வாய்க்கிழமை ரதீஷிடம் போனாள். அவன் வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்து தலையைச் சொறிந்தான். "சின்ன ஒரு வலிவு உண்டு மாமீ. அப்போ அலைன்மெண்ட் எடுத்தேக்கு. பாப்பனங்கோட்டில் நம்முடெ பிச்சைக்கனி அண்ணன் உண்டு. தமிழன் ஆணு. ஞான் விளிச்சு பறயாம்." லேசாக இழுக்கிறது, அலைன்மெண்ட் எடுத்துவிடுங்கள், நான் அவரைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றான்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதோ?"

"அன்னு நூலில் சரி ஆயிருந்நு, மாமீ" என்றான் ரதீஷ், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு விஜயம் கிளம்பியபோது பட்டாபி சட்டையை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டார்.

"நீங்க எதுக்கு?"

"சாட்சிக்கு. நாளைக்கு மாளு என்னைத்தானே கேப்பா."

"யார் பக்கம் சாட்சி?"

"அதைப் போய்ப் பார்த்துட்டாக்கும் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு, அவர் வழக்கம்போல வலது காலை நீட்டி, இல்லாத பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டார்.

பிச்சைக்கனியின் கடை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை காலையிலேயே ஒருமுறை பெய்துவிட்டுப் போயிருந்ததால் வாசலில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர். பிச்சைக்கனிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புளியங்குடியிலிருந்து டயர் கடை வேலைக்கு வந்தவர், பன்னிரண்டு வருஷமாக அலைன்மெண்ட் மிஷினோடு இருக்கிறார். வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்கிற ஆள்.

"என்னென்ன மாத்துனீய, அம்மா?"

விஜயம் சொன்னாள்.

"மாத்துனதுக்கு அப்புறம் அலைன்மெண்ட் எடுத்தீயளா?"

"நூல் பிடிச்சான்."

"நூலு" என்றார் பிச்சைக்கனி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே விஜயத்துக்குப் போதுமாக இருந்தது.

அவர் முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். இறங்கும்போதே சொன்னார்.

"இந்த வண்டிய நேரா ஓட்டணும்னா ஸ்டியரிங்கை வலப்பக்கமாப் பிடிச்சுக்கிட்டேதான் போவணும். கொஞ்சம் அசந்தா இடத்தே போயிரும். நீங்க இத்தனை நாளு ஓட்டுனதே பெருசு."

விஜயம் பட்டாபியின் பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள். "கேட்டேளா?"

"கேட்டேன்."

"நன்னாக் கேட்டேளா?"

"காது நன்னாத்தான் இருக்கு, விஜயம்."

பிச்சைக்கனி இதையெல்லாம் கவனிக்காமல் ஒரு டேப்பை எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, தகடு வளைகிற இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டிருந்தார். பின்பக்கம் இடதுபுறம் வந்ததும் நின்றார். மறுபடி அளந்தார். வலதுபுறம் போய் அளந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பின்னால ஸ்பிரிங் புதுசுன்னு சொன்னீய?"

"ரெண்டும் புதுசு."

"அப்பொ இடப்பக்கம் மட்டும் ஏன் ரெண்டு வெரக்கட எறங்கி இருக்கு? டிக்கியில என்ன இருக்கு?"

விஜயத்தின் முகத்தில் இருந்த வெற்றி அப்படியே நின்றது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"டிக்கியா? ஒண்ணும் இல்லையே. குடை இருக்கும்."

"கொஞ்சம் தொறங்க."

"அந்தப் பூட்டு ஒரு மாதிரி. சில நாள் திறக்காது."

டிக்கியில் இருந்தது நாற்பத்தெட்டு செங்கல்.

ஆற்றுகால் பொங்காலை அன்று திருவனந்தபுரத்தில் பெண்களெல்லாம் தெருவில் இறங்கி, மூன்று செங்கல்லை அடுப்பாகக் கூட்டி, மண்பானையில் பாயசம் பொங்குவார்கள். முடிந்ததும் மாநகராட்சி வண்டி வந்து கற்களை எடுத்துக்கொண்டு போய்விடும், ஏழைகளுக்கு வீடு கட்ட. அடுத்த வருஷம் எல்லாரும் புதுக்கல் வாங்குவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் விஜயத்துக்குக் கிடைத்த கல் ஒன்று சரியாக வேகாத கல். பாயசம் பொங்கி வருகிற நேரத்தில் அது சூட்டில் இரண்டாகப் பிளந்து, பானை சாய்ந்து, வெல்லமும் அரிசியும் தெருவோடு போயிற்று. ஒரு வருஷம் முழுக்க அதைப் பற்றியே நினைத்தாள். அடுத்த பொங்காலைக்குத் தேடிப்பிடித்து நல்ல கல்லாக வாங்கினாள். தட்டினால் கிண்ணென்று சத்தம் வரும் கல். தனக்கு மூன்று, மாளவிகாவுக்கு மூன்று, பிரேமாவுக்கு மூன்று என்று ஆரம்பித்து, கார் வைத்திருப்பவள் என்பதால் தெருவில் பதினாறு அடுப்புக்கும் அவளே கொண்டுவந்து இறக்கினாள். பொங்காலை முடிந்ததும் அந்தக் கற்களைக் கொடுக்க மனம் வரவில்லை. வீட்டில் வைத்தால் பூரான் அடையும் என்று பட்டாபி ஒரே பிடியாக நின்றார். "எல்லாத்தையும் கார்ப்பரேஷன் வண்டியில ஏத்தியாச்சு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஸ்டெப்னி சாமானும் காய்கறிப் பையும் வலதுபக்கம் இருக்கட்டும் என்று, இடதுபக்கமாக அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினாள். இந்த வருஷப் பொங்காலைக்கு எடுத்து, மறுபடி உள்ளே வைத்தாள். குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பட்டாபி டிக்கியைத் திறந்ததே இல்லை.

ஸ்பிரிங் மாற்றும்போது ரதீஷ் சாக்கை விலக்கிப் பார்த்தான்தான். "இது எந்தா மாமீ?" என்று கேட்டான். பொங்காலைக் கல் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றி, சாக்கை மூடிவிட்டு, அதை அசைக்காமலே வேலையைப் பார்த்தான். நூல் பிடித்ததும் அந்தக் கல்லோடுதான்.

இது ஒன்றும் தெரியாத பட்டாபி பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

பிச்சைக்கனி குரலைத் தாழ்த்தினார். எதையோ புரிந்துகொண்டுவிட்டார். "அம்மா, உள்ள என்ன இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்த வெயிட்டோட வச்சு அளந்தா, அதை எறக்குன அன்னைக்கு மறுபடி இழுக்கும். இல்ல, அது எப்பவும் உள்ளதான் கெடக்கும்னா, இந்தப் புது ஸ்பிரிங்கும் ஒரு வருசத்துல படுத்துரும். என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

விஜயம் டிக்கிப் பூட்டின் மேல் கையை வைத்தாள். கல்லா, வண்டியா என்று யாராவது முன்பே கேட்டிருந்தால் இரண்டும் என்றிருப்பாள்.

"ஏன்னா" என்று கூப்பிட்டாள். "இதெல்லாம் ஆக நேரமாகுமாம். எதிர்த்தாப்பல கடையில நேந்திரம்பழத்தை மாவில தோச்சுப் பழம்பொரி போடறான். போய் ஒண்ணு சாப்பிட்டுட்டு வாங்கோளேன்."

பட்டாபி தலையைத் தூக்கினார். "நானா? பழம்பொரியா?"

"ரெண்டு வேணும்னாலும் சாப்பிடுங்கோ."

அவர் மெதுவாக எழுந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீரில் கால் வைக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்.

டிக்கி ஒரு தொல்லையும் தராமல் திறந்தது. சாக்கை விலக்கியதும் பிச்சைக்கனி ஒரு அடி பின்னால் போனார். கற்களின் ஒரு பக்கம் கரி. மறுபக்கம் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தது.

"பொங்காலக் கல்லா? எங்க வீட்டம்மாவும் வருசா வருசம் போடுவா." அவரும் ரதீஷைப் போலவே கையைத் துடைத்தார். ஆனால் கண்ணில் ஒற்றிக்கொண்டதோடு நிறுத்தவில்லை. இரண்டு இரண்டாக எடுத்து, காற்றடிக்கும் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தார். "சாமி கல்லுன்னு நமக்குத் தெரியும். ஸ்பிரிங்குக்குத் தெரியுமா?"

விஜயமும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். நாற்பதாவது கல்லை நீட்டும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"என்னப்பா, கடைக்கு உள்ள சுவர் எழுப்பறயா?"

பட்டாபியின் கையில் இலையில் சுற்றிய பழம்பொரி ஒன்று, கடிக்காமல் இருந்தது.

பிச்சைக்கனி விஜயத்தைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் பட்டாபி குனிய முடியாவிட்டாலும் கண் தெரிகிற மனிதர். அடுக்கின் மேலே இருந்த கல்லில் குங்குமத்தைப் பார்த்தார். அதற்கும் மேலே, சாக்கட்டியில் விஜயத்தின் குண்டுக் கையெழுத்தில் 'பிரேமா' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"கார்ப்பரேஷன் வண்டி" என்றார்.

விஜயம் கையிலிருந்த நாற்பதாவது கல்லை அடுக்கின் மேல் வைத்தாள்.

"இந்தக் கார்ப்பரேஷன் வண்டியிலயா நான் ஒண்ணரை வருஷமாப் போயிண்டிருக்கேன்?" அவர் பிச்சைக்கனியிடம் திரும்பினார். "மொத்தம் எவ்வளவு எடை இருக்கும்?"

"நூத்திமுப்பது கிலோவுக்குக் குறையாது, சார்."

"அதாவது, என்னைப் போல ஒண்ணரை ஆள்."

"நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தேள்?" என்றாள் விஜயம்.

"முப்பத்தாறு வருஷத்துல நீயா என்னைப் பழம்பொரி தின்னச் சொன்னது இன்னிக்காக்கும். போற வழியிலயே ஏதோ இருக்குன்னு தோணித்து. ஆனா வாங்காம வந்தா நன்னா இருக்காதேன்னு வாங்கிண்டு வந்தேன்." இப்போதுதான் அதைக் கடித்தார். கடித்த பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வாயில் பழத்தோடு, தோள் குலுங்க, பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். விஜயம் மீதி எட்டுக் கல்லையும் தானே இறக்கினாள்.

அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் வேலை நடந்தது. வண்டியை மேடையில் ஏற்றி அடியில் போன பிச்சைக்கனி, ரதீஷ் செய்த இன்னொரு வேலையையும் கண்டுபிடித்தார். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கி இறுக்கியிருந்தான்.

"தரையில நிக்க வச்சுல்ல டைட் பண்ணணும். இது உக்காந்துக்கிட்டு வேட்டியக் கட்டுன மாதிரி. எந்திரிச்சு நின்னா ஒரு பக்கமா முறுக்கிக்கிடும்."

போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்படி வைத்து மறுபடி இறுக்கினார். வண்டியை முன்பக்கமும் பின்பக்கமும் அமுக்கி ஆட்டிவிட்டார். ஸ்டியரிங் அசையாமல் நேராக நிற்க ஒரு கம்பியை முட்டுக் கொடுத்தார். நான்கு சக்கரத்திலும் பலகை போன்ற தட்டுகளை மாட்டியதும், எதிரே இருந்த திரையில் எண்கள் வந்தன. பாதி எண்கள் சிவப்பு.

"சார் தினம் வண்டியில வருவாரா?" என்று அடியிலிருந்து கேட்டார் பிச்சைக்கனி.

"இறங்கவே மாட்டார்" என்றாள் விஜயம்.

"அப்பொ சாரை ஏறி முன்சீட்டுல இருக்கச் சொல்லுங்க. எப்பவும் உள்ள வெயிட்டு கணக்குல வரலாம். தப்பில்ல."

பட்டாபி ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் காலை நீட்டினார். "சார், பிரேக்கு மிதிக்காதீய" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "அங்க பிரேக்கே இல்லையேப்பா" என்றார் பட்டாபி. முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனாலே அந்தப் பிரேக்கை மிதிக்கிறவர் அப்படிச் சொன்னதை விஜயம் மனத்தில் குறித்துக்கொண்டாள்.

பிச்சைக்கனி அடியில் ஒரு கம்பியின் நட்டைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பத் திருப்ப, திரையில் ஒவ்வொரு எண்ணாகச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. கடைசி எண் மட்டும் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. மைதானத்தில் கடைசிக் கம்பியைப் பார்த்த மாதிரியே விஜயம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சையானதும், "ஆச்சு!" என்று அவளேதான் சொன்னாள்.

மிஷின் ஒரு தாளைத் துப்பியது. முன்பு இருந்தது ஒரு பக்கம், இப்போது இருப்பது மறுபக்கம். விஜயம் அதை மடிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கல்லை என்ன செய்யறது?" என்றார் பட்டாபி.

"வண்டியில வேண்டாம்" என்றார் பிச்சைக்கனி அவசரமாக.

"ஆத்துல வேண்டாம்" என்றார் பட்டாபி, அதைவிட அவசரமாக.

விஜயம் வாசலில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். கம்ப்ரஸரின் காலை அது தொட ஆரம்பித்திருந்தது. "இதுக்கு அடியில அடுக்கி அது மேல கம்ப்ரஸரை வச்சுக்கோங்கோ. மழைக்காலம் முழுக்க இருக்கட்டும். பொங்காலைக்கு முதல் நாள் நான் வந்து எடுத்துப்பேன். மறுநாளே கொண்டுவந்து தருவேன். ஒங்க வீட்டம்மாவுக்கும் மூணு எடுத்துக்கோங்கோ. ஆனா செருப்புக்கால் படப்படாது."

"செருப்புக்கால் படாது, அம்மா" என்றார் பிச்சைக்கனி.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாளவிகாவும் நவநீத்தும் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். விஜயம் எதையும் பேசாமல் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தாளை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நவநீத் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "மாளு, இது அம்மா தப்பில்லே. வண்டி நிஜமாவே ரொம்ப அவுட்டா இருந்திருக்கு" என்றான். மருமகன் இந்த அளவுக்குப் பேசுவான் என்று விஜயம் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு இன்னொரு கரண்டி பாயசம் போட்டாள்.

"பேப்பர் எந்து வேணாலும் பறயும்" என்றாள் மாளவிகா. "நான் பார்க்கணும்."

"பாரு. உங்களைக் கழக்கூட்டத்துல கொண்டு விட வேண்டாமா? டாக்ஸியை அனுப்பியாச்சே. ஏறுங்கோ."

நவநீத்தும் பட்டாபியும் பின்னால் ஏறினார்கள். முன்னால் மாளவிகா. பிரேமாவின் கேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டு வண்டி தெருவைத் தாண்டியது. ஐயப்பன் கடையில் வாழைக்குலைகள் அசையாமல் தொங்கின. ஐயப்பன் மட்டும் ஒரு அடி உள்ளே போய் நின்றார்.

ஈஞ்சக்கல்லில் பைபாஸ் ஏறியதும் ரோடு நூல் பிடித்தது போல நீண்டது. பின்னால் வண்டி ஏதும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, விஜயம் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை மட்டும் ஒரு அங்குலம் தூக்கினாள்.

"அம்மா! கையை வை!"

"போறதா, நேரே?"

"கையை வைன்னேன்!"

"நேரே போறதான்னு கேட்டேன்."

மாளவிகா வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். வண்டி கோட்டைத் தொடவில்லை. "போறது" என்றாள். விஜயம் கையை வைத்தாள். பின்சீட்டில் பட்டாபி காலை நீட்டி, முன்சீட்டின் முதுகை மிதித்துக்கொண்டிருந்தார்.

ஆக்குளம் பாலம் தாண்டியதும் மாளவிகா மெதுவாக ஆரம்பித்தாள். அவள் அம்மாவின் பெண். "சரி. இழுத்தது வண்டிதான். ஆனா நவநீத்தோட வண்டிக்கும் இதே வயசு. அதுல ஸ்பிரிங் ஒண்ணும் போகலையே. இதுல மட்டும் ஏன் எல்லாம் ஒண்ணாப் போச்சு?"

பட்டாபி ஜன்னல் வழியாக ரொம்ப ஆர்வமாக ஒரு டயர் விளம்பரத்தைப் படித்தார். புதன்கிழமையிலிருந்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்றும் விஜயத்துக்குத் தெரியும்.

"செங்கல்" என்றாள் விஜயம்.

"என்னது?"

"பொங்காலைக் கல். நாப்பத்தெட்டு. ஒண்ணரை வருஷமா டிக்கியில இருந்தது. அதுலதான் எல்லாம் போச்சு."

மாளவிகா முழுவதுமாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "அப்போ நீதான்!"

"நான்தான். இல்லேன்னு சொன்னேனா? ஆனா தப்பு ஏத்தினதுல. ஓட்டினதுல இல்லே. நீ சாவியை எடுத்தது ஓட்டினதுக்கு."

நவநீத்துக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

மாளவிகா மறுபடி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "அதுல என்னோட மூணும் இருந்ததா?"

"பின்னே? போன வருஷம் நீதானே சொன்னே, இந்தக் கல்லு ஆடலைம்மா, அடுத்த வருஷமும் இதே வேணும்னு."

"சொன்னேனா?"

"சொன்னே" என்றார் பட்டாபி, ஜன்னலைப் பார்த்தபடியே. "பக்கத்துல நின்னவனுக்கு ஞாபகம் இருக்கும்."

கழக்கூட்டத்தில் அவர்கள் குடியிருப்பின் வாசலில் விஜயம் வண்டியை இரண்டு தூண்களுக்கு நடுவில் நிறுத்தினாள். பின்னால் எடுத்துத்தான் நிறுத்தினாள், முன்னால் இடம் இருந்தும். மாளவிகா இறங்குவதற்கு முன் கைப்பையைத் திறந்து, அந்த இரண்டாவது சாவியை எடுத்து, கியருக்குப் பக்கத்துக் குழியில் போட்டாள். இறங்கியதும் நேராக வண்டியின் பின்பக்கம் போனாள்.

"டிக்கியைத் திற."

"நம்பிக்கை இல்லையா?"

"இல்லே."

விஜயம் திறந்தாள். சாக்கு இல்லை, கல் இல்லை. துடைத்து வைத்த தரையில், நட்டநடுவில், பிரேமா வீட்டு மரத்துப் பலாப்பழம் ஒன்று உட்கார்ந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோவாவது இருக்கும்.

"இது என்ன? இது வெயிட் இல்லையா?"

"அது ஒனக்கு" என்றாள் விஜயம். "இங்க இறங்கற வெயிட்டாக்கும். நவநீத், ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ."